பக்கத்து சீட்டுக்கு ஹீட்டர்

சித்திரை வெயிலில் லாரி ஹீட்டரைச் சரிபண்ணச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய வண்டியை மந்தாரக்குப்பத்தில் என் ஒயரிங் கடை முன்னால் நிறுத்தினார். வெள்ளை மீசை; கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டை. இறங்குவதற்கு முன்னால், பக்கத்து சீட்டைத் துண்டால் துடைத்தார். வேலை பார்க்க நான் அதில் ஏறப் போனேன்.

"அங்க வேணாங்க. கீழ நின்னுகினே பாருங்க."

பியூஸ் நன்றாகத்தான் இருந்தது. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்ததும் ஃபேன் சுற்றியது. அப்படியானால் மோட்டாரில் குறையில்லை. எர்த் ஒயரின் முனையில்தான் துரு. சுரண்டி முறுக்கினேன்.

"நம்மூர்ல எதுக்குங்க ஹீட்டரு?"

"லடாக்குல இதே மாதிரி வண்டி. ஃபேன் நின்னுபோச்சி, கை வெறைக்குதுன்னு கூட வந்தவன் சொல்லிகினே இருந்தான். கேம்ப்ல போயி பாத்துக்கலாம்னு ஓட்டிகினே போனேன். அப்பறம் அவன் பேசல."

ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார். தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார். சூடான காற்று வந்ததும் ஹீட்டர் வாயைக் காலி சீட்டின் பக்கம் திருப்பினார். அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது.

"சூடு போதுமாடா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

என் பக்கத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். சூடு வெளியே போய்விடக் கூடாது.