துப்பக் கூடாத ஒயின்

1. காலைப் போன்

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. காலையில் ஹோட்டல் மேனேஜர் போன் பண்ணி, "அண்ணே, நம்ம பக்கத்துல ஒயின் ஃபேக்டரி எங்க இருக்கு?" என்று கேட்டார். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சிரித்த சிரிப்பில் நுரை மூக்கில் ஏறிவிட்டது.

விஷயம் இதுதான். அந்த ஹோட்டல் கெஸ்ட்டுகளுக்கு வண்டி ஓட்டி ஊர் காட்டுகிறவன் நான். மேனேஜர் சென்னையிலிருந்து புதிதாக வந்த தம்பி. அந்த ஹோட்டல்காரர்களுக்கு வடக்கே திராட்சைத் தோட்டங்கள் உள்ள ஊரில் இன்னொரு ஹோட்டல் இருந்தது. அதன் பேக்கேஜ்களை அப்படியே எடுத்து நம்ம ஹோட்டல் வெப்சைட்டில் போட்டுவிட்டார். 'பிரைவேட் ஹாஃப் டே ஒயின் டேஸ்டிங் டூர், கிராமத்து ஒயினரிகள் வழியாக.' அதை நம்பி ஒரு வெளிநாட்டுத் தம்பதி புக் பண்ணி, தொப்பி எல்லாம் வைத்துக்கொண்டு லாபியில் நிற்கிறார்கள்.

"கேன்சல் பண்ணிரும் தம்பி. சூரிய உதயம் காட்டலாம், கோட்டை காட்டலாம்."

"முடியாதுண்ணே. அந்த அம்மாவுக்கு வேலையே ஒயின் டேஸ்ட் பண்றதுதானாம். இதுக்காகவே ஒரு நாள் கூடத் தங்கியிருக்காங்க. என் வேலை போயிடும்ணே."

அழுகிற குரல். எனக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. சுனாமிக்குப் பிறகு நின்றுபோன வெளிநாட்டு கெஸ்ட்டுகள் அப்போதுதான் ஒன்றிரண்டாகத் திரும்ப ஆரம்பித்திருந்தார்கள். வந்தவர்களையும் வெறுங்கையோடு அனுப்பினால் எப்படி?

நம்ம மாவட்டத்தில் ரப்பர் உண்டு, தேங்காய் உண்டு, மீன் உண்டு. திராட்சைத் தோட்டத்துக்கு எங்கே போவது? வாய் கொப்பளித்துக்கொண்டே யோசித்தபோதுதான் உறைத்தது. கிறிஸ்துமஸ் வாரம் அல்லவா! குளச்சலிலிருந்து கருங்கல் வரைக்கும் எத்தனை கிறிஸ்தவ வீடு உண்டோ அத்தனை அடுக்களையிலும் ஒயின் இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கறுப்புத் திராட்சை, சீனி, கொஞ்சம் கோதுமை, ஈஸ்ட், கிராம்பு, ஏலம், பட்டை. எல்லாவற்றையும் பரணி என்கிற பீங்கான் ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டி, தினமும் ஒரு தடவை மரக் கரண்டியால் கிண்டி, பழைய வெள்ளை வேட்டியில் வடிகட்டி எடுப்பது. கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசை முடிந்து வந்துதான் திறப்பார்கள். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை வீட்டுக்கு வருகிற ஆளுக்கெல்லாம் கேக்கோடு ஒரு டம்ளர் உண்டு. இதை யாரும் குடி என்று சொல்ல மாட்டார்கள். பலகாரக் கணக்கில்தான் சேர்த்தி. எங்கள் கோயில் பங்கில் மதுவிலக்குச் சபைத் தலைவர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "இது வயித்துக்கு நல்லதாக்கும்" என்று மீசையைத் துடைப்பார்.

"தம்பி, கெஸ்ட்டை ரெடியா நிக்கச் சொல்லும். வண்டி எடுத்துட்டு வாறேன்" என்றேன்.

2. கருங்கல் வீடு

முதலில் கருங்கலில் இருக்கிற பெரியம்மா மகள் ரோஸ்லிக்குப் போன் போட்டேன்.

"ஏலே, வெள்ளக்காரி வாறாளா? நான் இன்னும் குளிக்கவே இல்லியே!"

"எக்கா, அவ ஒன்னப் பாக்க வரல்ல. ஒயினைப் பாக்க வாறா."

ரோஸ்லிக்குப் போன் பண்ணினால் கோயில் மைக்கில் சொன்ன மாதிரிதான். நான் ஹோட்டல் போய்ச் சேருவதற்குள் இனயத்திலிருந்து பிலோமியக்கா கூப்பிட்டுவிட்டார்.

"அண்ணே, ஊரெல்லாம் ஒயின் குடிக்கக் கூட்டிட்டுப் போறியளாமே. எனக்க வீடு கண்ணுல தெரியல்லியோ?"

இந்த பிலோமியக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் மகன் ஜெரினுக்கும் என் மகள் ஷீபாவுக்கும் அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஜெரினுக்கு மஸ்கட்டில் வேலை. லீவில் வந்திருந்தான். புது வருஷம் கழிந்ததும் நிச்சயம் வைக்கலாம் என்று பேச்சு. ஷீபா நாகர்கோவிலில் நர்ஸ். வீட்டில் வாயைத் திறந்து பிடித்திருக்கிறது என்று சொன்னவள் இல்லை. ஆனால் ஜெரின் போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். இறங்கி வரும்போது முகத்தைப் பார்த்தால் போதும், எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

பயம் எல்லாம் பிலோமியக்காவை நினைத்துத்தான். நல்ல மனுஷி, ஆனால் மரியாதை விஷயத்தில் கறார். முன்னால் ஜெரினுக்குப் பேசிய ஓர் இடத்தை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். என்ன காரணம் தெரியுமா? பெண் வீட்டார் வந்தபோது பாதி டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழும்பிப் போனார்களாம். "எனக்க வீட்டு டீயே எறங்காதவங்களுக்கு எனக்க மகன் எப்படி எறங்குவான்?" என்று கேட்டவர் அவர். நான் அந்த வீட்டில் டீ குடித்தால் அடியில் கிடக்கும் தூளைக்கூட விட மாட்டேன்.

அப்படிப்பட்டவர் கூப்பிட்டு, போகாமல் இருக்க முடியுமா? "முக்கியமான வீடே உங்க வீடுதானே எக்கா" என்றேன்.

கெஸ்ட் பெயர் மார்கரெட். நரைத்த கட்டைமுடி, குழந்தை மாதிரிச் சிரிப்பு. வீட்டுக்காரர் பீட்டர், ஆஜானுபாகு. ஃபேக்டரி கிடையாது, வீடுகள்தான், காசு கொடுக்கக் கூடாது, அவர்கள் விற்கிறவர்கள் இல்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மார்கரெட் கையைத் தட்டினார். மேனேஜர் தம்பிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ரோஸ்லி வீட்டில் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. மார்கரெட் கண்ணாடி கிளாஸ் கேட்டு வாங்கி, ஒயினைச் சுழற்றிச் சுழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். மூக்கை உள்ளே விட்டு மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு "கிராம்பு" என்றார், "ஏலம்" என்றார். ரோஸ்லிக்குப் பெருமை தாங்கவில்லை, கேக் வெட்ட உள்ளே ஓடினாள். அந்த நேரத்தில் மார்கரெட் ஒரு வாய் எடுத்து, வாய்க்குள் உருட்டி, முற்றத்துக்கு இறங்கிப்போய் வாழை மரத்தடியில் துப்பினார். தொண்டையில் கிராம்பு சிக்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் நீட்டினேன். வேண்டாம் என்று சிரித்தார். நானும் விட்டுவிட்டேன். பீட்டர் தன் கிளாஸையும் முடித்து, மார்கரெட் கிளாஸில் மிச்சம் இருந்ததையும் முடித்தார்.

3. இனயம் வீடு

பிலோமியக்கா வீட்டில் திருவிழாக் கூட்டம். தரை துடைத்துப் பளபளவென்று கிடக்கிறது. மாதா படத்துக்குப் புது மாலை. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வராந்தாவில். ஜெரின் சட்டையை இன் பண்ணிக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டான்.

பிலோமியக்கா கண்ணாடி கிளாஸில் விளிம்பு வரைக்கும் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். மார்கரெட் அதேபோலச் சுழற்றினார், மோந்தார், ஒரு வாய் எடுத்தார். வாய் கொப்பளிக்கிற மாதிரி உருட்டினார். வராந்தாவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பிறகு டீப்பாயில் காலியாக இருந்த எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து, ரொம்ப மரியாதையாக, சத்தமே இல்லாமல் அதில் துப்பினார்.

"எனக்க மாதாவே!" என்று ஒருத்தி நெஞ்சில் கை வைத்தாள்.

பிலோமியக்கா கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஜெரின் தரையைப் பார்த்தான். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பாதி டீக்கே ஒரு சம்பந்தம் போயிற்று. இங்கே கூட்டி வந்தவன் நான், துப்பியது என் கெஸ்ட், அதுவும் ஊர் பார்க்க. மொட்டை மாடியிலிருந்து இறங்கி வருகிற ஷீபாவின் முகம்தான் எனக்குத் தெரிந்தது. ஐயோ, என் பிள்ளை என்ன பாவம் செய்தது!

பயத்தில் வாய் தானாகத் திறந்தது.

"எக்கா, தப்பா நெனைக்காதிய. இது அவங்க ஊருல கண்ணு கழிக்கிறதாக்கும்."

"என்னது?"

"ரொம்பக் கொள்ளாவுந்த, நல்ல ருசியான ஒயினுன்னா கண்ணு பட்டுருமாம். அதுனால மொத வாயை எடுத்துத் துப்பிருவாங்களாம். நம்ம புள்ளையளுக்குத் துப்புதோமில்லா, அது மாதிரி."

"வெள்ளக்காரிக்கும் கண்ணா?"

"கண்ணு எல்லாருக்கும் கண்ணுதானே எக்கா."

வராந்தாப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிலோமியக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பின்ன, மூணு தடவையில்லா துப்பணும்?" என்றார்.

மாட்டினேன். மார்கரெட்டிடம் திரும்பி, "மேடம், டூ மோர் டைம்ஸ் ப்ளீஸ்" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். இன்னும் இரண்டு தடவை ருசி பார்த்து, இன்னும் இரண்டு தடவை கிண்ணத்தில் துப்பினார். வராந்தா முழுக்கத் தலையாட்டல். ஒருத்தி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "இவனுக்கும் ரெண்டு நாளா பால் எறங்கல்ல. அந்தம்மாகிட்ட ஒண்ணு துப்பச் சொல்லுங்கண்ணே."

அந்தக் கூத்து வேறு வேண்டாம் என்று நேரமாகிவிட்டதாகச் சொல்லி கெஸ்ட்டை எழுப்பி வண்டியில் ஏற்றினேன்.

4. வண்டியைத் திருப்பியது

தேங்காய்ப்பட்டணம் போகிற ரோட்டில் ஒரு தென்னந்தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தினேன். இனி அடுத்த வீட்டிலும் துப்பினால் என்னால் பொய் சொல்ல முடியாது. பொய் சொல்கிறதற்கும் ஒரு தெம்பு வேண்டும். "மேடம், ஏன் துப்புகிறீர்கள்?" என்று கேட்டே விட்டேன்.

பீட்டர் சிரித்தார். அவளுக்கு அதுதான் வேலை, காலையிலிருந்து சாயந்திரம் வரை ருசி பார்ப்பாள், எல்லாவற்றையும் விழுங்கினால் மத்தியானமே விழுந்துவிடுவாள், அதனால் அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் துப்புவார்கள், நல்ல ஒயினைக்கூடத் துப்புவார்கள் என்றார். எனக்கு இது புதுச் செய்தி. நியாயமாகவும் இருந்தது. நானும் டியூட்டியில் இருக்கும்போது ஒரு சொட்டு தொட மாட்டேன்.

எங்கள் ஊரில் கொடுத்ததைத் துப்பினால் என்ன அர்த்தம் என்று நானும் சொன்னேன். அந்த அக்கா வருகிறவர்களுக்காகவே பரணி கிண்டியதைச் சொன்னேன். என் மகள் விஷயத்தையும் சொன்னேன். கெஸ்ட்டிடம் வீட்டு விஷயம் பேசக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அன்றைக்கு மீறினேன்.

மார்கரெட் முகம் வெளுத்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "வண்டியைத் திருப்புங்கள்" என்றார்.

"வேண்டாம் மேடம், எல்லாம் சரியாப் போச்சு."

"திருப்புங்கள்."

எனக்குத் திருப்ப மனசே இல்லை. என் பொய் அங்கேயே அவிழ்ந்துவிடுமே! ஆனால் கெஸ்ட் சொன்னால் திருப்பத்தானே வேண்டும்.

கூட்டம் கலைந்திருந்தது. பிலோமியக்கா பின்வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மார்கரெட் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுக்களைக்குள் போனார். பரணி பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினார். பிலோமியக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். மார்கரெட் நிறுத்தாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைத் திரும்ப நீட்டினார். இரண்டாவதும் உள்ளே போயிற்று.

பிலோமியக்கா என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பே இல்லை. "இப்பம் கண்ணு படாதாமா?"

"அது... ஒரு வீட்டுக்கு ஒரு நேரம் துப்பினாப் போதுமாம் எக்கா" என்றேன்.

"செரி" என்றார்.

மார்கரெட் நாக்கைத் தொட்டுக் காட்டி, ஏதோ புகை மாதிரி ஒரு ருசி, அது என்ன என்று கேட்டார். பிலோமியக்கா இரும்புச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்து, சீனியைப் போட்டுக் கருக விட்டுக் காட்டினார். நிறத்துக்காகச் சேர்ப்பது அது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் சட்டியைச் சுற்றி அரை மணி நேரம் கலகலவென்று பேசினார்கள். நான் வாசலில் ஜெரினோடு நின்றேன். பீட்டர் வண்டிக்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அதோடு எங்கள் டூர் முடிந்தது. மற்ற வீடுகளுக்குப் போகவே இல்லை.

5. அதற்குப் பிறகு

மேனேஜர் தம்பி இதை வருஷம் முழுக்க நடத்தலாம், போர்டு வைக்கலாம் என்று குதித்தார். "சட்டமும் விடாது, எங்க அக்காமாரும் விட மாட்டாங்க, பேசாம இரும்" என்றேன். வெப்சைட்டிலிருந்து அதை எடுக்க வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்த்தேன். ஆனால் சில வருஷங்கள், கிறிஸ்துமஸ் வாரத்தில் ஆசைப்படுகிற கெஸ்ட்டுகளை விருந்தாளியாகக் கூட்டிப் போனேன். கிளம்பும் முன்பே லாபியில் சொல்லிவிடுவேன்: போகிற இடம் வீடு. கொஞ்சமாகக் கேட்டு வாங்குங்கள், வாங்கியதைக் குடித்து முடியுங்கள். இப்போது வண்டி ஓட்டுகிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். கெஸ்ட்டுக்கு ஊரைக் காட்டுவது பாதி வேலைதான். ஊருக்கு கெஸ்ட்டைப் புரியவைப்பது மீதி. இரண்டு பக்கத்து மானமும் நம் வண்டியில்தான் போகிறது.

ஷீபாவின் நிச்சயதார்த்தம் பேசி வைத்த நாளில் நடந்தது. கல்யாணம் கோடையில். கோயிலிலிருந்து வந்து கேக் வெட்டி, ஒயின் ஊற்றினார்கள். பிலோமியக்காவே வடித்தது. முதல் கிளாஸை என் கையில் கொண்டுவந்து கொடுத்தார், அன்றைக்கு மாதிரியே இரண்டு கையாலும்.

"அண்ணே, ரொம்பக் கொள்ளாவுந்த ஒயினாக்கும். மூணு தடவை துப்பும் பாப்போம்."

"எக்கா... தெரியுமா?"

"நீங்க வாயத் தொறக்கும்பளே தெரியும். பொய் சொல்ல ஒங்களுக்கு வருதா? வேர்த்து ஒழுகுது."

"பின்ன ஏன் எக்கா ஒண்ணும் சொல்லல்ல?"

"அம்புட்டுப் பேருக்க முன்னால எனக்க மானமும் போவாம, அந்தப் பாவம் வெள்ளக்காரிக்க மானமும் போவாம, நீங்க கெடந்து தவிச்சிய. இந்த மனுசனுக்க மகளத்தான் எனக்க வீட்டுக்குக் கொண்டு வரணும்னு அப்பமே முடிவு பண்ணியாச்சு."

"அப்பம் மூணு தடவை துப்பச் சொன்னது?"

"அது சும்மா, ஒங்க வேர்வைய இன்னும் கொஞ்சம் பாக்கலாமேன்னு" என்று சொல்லிச் சிரித்தார்.

மேடையில் ஷீபா என்னைப் பார்த்து, என்னப்பா என்று கண்ணால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். கண் நிறைந்துவிட்டது. கிளாஸை எடுத்து, அடியில் கிடந்த கசடு வரைக்கும் குடித்தேன்.