முந்திரிக்காட்டுக்குப் போன காத்து பலூன் ஜீப்

ஜீப்புக்குக் காத்து பலூன் மாட்டுறவன்கிட்ட வர்றவங்க எல்லாருக்கும் ஒரே கோரிக்கைதான்: இன்னும் கொஞ்சம் தூக்கு.

2008லேருந்து நாலு வருஷம் கடலூர்–சிதம்பரம் ரோட்டுல எனக்கு இதுதான் பொழப்பு. ஸ்பிரிங் பட்டையக் கழட்டிட்டு ரப்பர் பலூன் வெப்போம். டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச். இந்தப் பக்கம் தட்டுனா காத்தடிச்சு வண்டி அரை அடி எழும்பும், அந்தப் பக்கம் தட்டுனா உக்காரும். மணல், சேறு, பள்ளம், எதுலயும் அடி தட்டாம போவலாம். வொர்க்‌ஷாப் வெச்சு அவஸ்தைப்பட்டவங்களும், வொர்க்‌ஷாப்ல வண்டிய விட்டு அவஸ்தைப்பட்டவங்களும் கொஞ்சம் பொறுமையா கேளுங்க. மங்கை அக்காவுக்கு நான் பண்ண காரியத்த இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

மாப்பிள்ளை ஊர்வலம்

முதல்ல ஒரு குறிஞ்சிப்பாடிக்காரர். பலூன் மாட்டின கையோட, தம்பி கல்யாண ஊர்வலத்துக்குத் தொறந்த ஜீப்ப எடுத்துட்டுப் போயிட்டார். ஊரே பாக்கணும்னு முழுசா தூக்கி விட்டிருக்கார். மண்டப வாசல்ல கட்டியிருந்த தோரணமும் சீரியல் லைட்டும் வண்டியில மாட்டி, மொத்தமா மாப்பிள்ளை கழுத்துல விழுந்துச்சு. மறுநாள் காலையில வந்து என்னை உண்டு இல்லன்னு ஆக்கிட்டார்.

"எறக்குற சுவிட்சத் தட்டியிருக்கலாமே அண்ணே"ன்னு பாவமா கேட்டேன். மனுஷன் என்னை மேலயும் கீழயும் பாத்தார். "எறக்கறதுக்காடா இவ்ளோ செலவு பண்ணித் தூக்குனேன்?"

எறக்கச் சொன்னவங்க

அண்ணாகிராமம் பக்கத்து தாமோதரன் அண்ணன் வேற மாதிரி. அவர் சம்சாரம்தான் மங்கை அக்கா. சின்ன வயசுக் காய்ச்சல்ல ஒரு கால் சூம்பிப் போயி, கக்கத்துல கட்டை வெச்சு நடப்பாங்க. அவுங்க அப்பா குடுத்த முந்திரிக்காடு ரெண்டு மைல் மணலுக்கு உள்ள கெடக்கு. ஒசந்த ஜீப் இல்லாம அங்க போவ முடியாது. ஒசந்த ஜீப்புல அக்காவால ஏற முடியாது. கல்யாணம் ஆகி பதினாறு வருஷமா சொந்தக் காட்டப் பாக்காமலே இருந்திருக்காங்க.

வீட்டு வாசல்ல எறங்கணும், மணல்ல எழும்பணும், அப்படி ஒரு வண்டி வேணும்னார் அண்ணன். "நீங்க ஒரு கை குடுத்து ஏத்தி விட்டா போதாதா?"ன்னு நான் வாய விட்டுட்டேன். அக்கா கறாரா சொன்னாங்க: "யாரும் என்னைத் தூக்கக் கூடாது தம்பி, அதுக்குத்தான் உன்கிட்ட வந்திருக்கோம்."

ஒரு முழம் பைப்

என் கூட்டாளி பஷீருக்கு லால்பேட்டை. வேலையில எனக்கு மேல. அக்காவோட ஜீப்புல பலூனுக்குக் காத்து போற கடைசி பிளாஸ்டிக் பைப் ஒரு முழம் பத்தல. முறையா, சூடு படாம சேஸிஸச் சுத்திக் கொண்டுபோகணும்னா பாண்டிக்குப் போயி புது பைப் வாங்கியாரணும். அண்ணன் சாயங்காலம் வண்டிக்கு வந்துடுவார். நான் சைலன்சர் மேலயே குறுக்கால இழுத்து மாட்டிட்டேன்.

பஷீர் குனிஞ்சு பாத்தான். "சூடு ஜாஸ்தி, இளகிடும். நாளைக்குக் குடுக்கலாம்டா"ன்னான். "அதெல்லாம் தாங்கும், போடா"ன்னேன். அவன் கைய தொடச்சிக்கிட்டே எழுந்தான். "வண்டி உன்னுது இல்லல்ல மச்சான், தாங்கும்."

காட்டுல உக்காந்த ஜீப்

மூணு தடவ அக்கா ராணி மாதிரி காட்டுக்குப் போயிட்டு வந்தாங்க. வாசல்ல ஜீப் எறங்கும், கதவப் புடிச்சு அவுங்களே ஏறிப்பாங்க. முதல் நாள் நான் பக்கத்துல நின்னேன். வண்டி எழும்பறப்ப சின்னப் புள்ள மாதிரி சிரிச்சாங்க.

நாலாவது தடவ 2011 கோடை. கொட்டை பொறுக்குற சீசன், காடு பூரா ஆளுங்க. பலூன்ல காத்து போயி ஜீப் மணல்ல பொத்துன்னு உக்காந்துடுச்சின்னு போன் வந்துச்சு. நானும் பஷீரும் பைக்குல ஓடுனோம். பாதி வழியில, நாலு ஆளுங்க கயித்துக் கட்டில்ல அக்காவத் தூக்கிட்டு எதுர்ல வர்றாங்க. அக்கா முந்தானையால முகத்த மூடியிருந்தாங்க. கூலிக்கு வந்த பொம்பளைங்க வேலைய விட்டுட்டு நின்னு பாத்தாங்க.

ஜீப்புக்கு அடியில படுத்துப் பாத்தேன். பைப் உருகி சைலன்சரோட ஒட்டிக் கெடந்துச்சு. "என்ன ஆச்சு?"ன்னார் வண்டிக்கிட்டயே காத்திருந்த அண்ணன். "வெயிலுக்கு இளகிடுச்சுண்ணே"ன்னு கூசாம சொன்னேன். பஷீர் என்னைப் பாத்துட்டு பைக் பக்கம் போயிட்டான். அடுத்த வாரம் பலூனக் கழட்டிட்டுப் பழைய பட்டையே போடச் சொல்லி அண்ணன் வந்தார். "அவ இனிமே ஏற மாட்டேங்கறா. உன்னைக் குத்தம் சொல்லல தம்பி, எங்க ஊரு வெயிலு அப்படி."

பண்ருட்டியில

அந்த வருஷக் கடைசியில அடிச்ச புயல்ல அக்கா காட்டுல ஒரு மரம் நிக்கல. வேரோட சாஞ்சிடுச்சு எல்லாம். கேள்விப்பட்டு ரெண்டு நாள் சோறு எறங்கல எனக்கு. நான் மட்டும் பாண்டிக்குப் போயிட்டு வந்திருந்தா, அந்தக் கோடை முழுக்க அக்கா காட்டுலதானே இருந்திருப்பாங்க!

நாலஞ்சு மாசம் கழிச்சு பண்ருட்டியில ஆட்டோவுக்குள்ளேருந்து "தம்பி"ன்னு கூப்புட்டாங்க. கிட்டப் போனேன். இன்னைக்கு சொல்லிடணும்னு வாயெடுத்தேன், அதுக்குள்ள அவுங்க என் கையப் புடிச்சிக்கிட்டாங்க. "காடு போச்சு தம்பி. உன் புண்ணியத்துல நாலு தடவ பாத்துட்டேன், நீ நல்லா இருக்கணும்."

எத்தனையோ வண்டிய சுவிட்சத் தட்டித் தூக்கிக் காட்டி பேர் வாங்குன எனக்கு, "பைப்பத் தப்பா விட்டது நான்தான்க்கா"ன்னு சொல்ல மட்டும் இன்னும் வாய் வரல.