மொக்கம்மாளின் கழுத்துக் கட்டி

கட்டி முளைத்தபோது நெல்லிக்காய் அளவுதான் இருந்தது. மொக்கம்மாளுக்குக் கடமலைக்குண்டு காலனியில் வீடு, இலவங்காய் உடைத்துப் பஞ்செடுக்கிற கொட்டகையில் கூலி வேலை. மூச்சு வாங்குகிறது என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் என்ன வேலை என்றுதான் கேட்டார்கள். "பஞ்சுத் தூசியில கெடந்தா இளைக்கத்தான் செய்யும்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தவர் இல்லை. முந்தானையால் கட்டியை மறைத்துக்கொண்டு வருடங்களை ஓட்டினாள்.

2003இல் கொட்டகை முதலாளியின் மனைவி தேவயானிக்கும் அதே கட்டி வந்தது. மாதம் திரும்புவதற்குள் மதுரையில் ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் மெல்லிய கோட்டோடு வந்துவிட்டார். மொக்கம்மாளோ அப்போது படுத்தால் மூச்சடைத்து, சுவரில் சாய்ந்தே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கழுத்தப் பாக்கச் சொல்லி டாக்டர்கிட்ட நீங்க எப்படிக் கேட்டீகம்மா?" என்று விசாரித்தாள்.

"நான் எதுவும் கேக்கல மொக்கம்மா. அவுகளேதான் கழுத்தப் பாத்து ஸ்கேன் எடுக்கச் சொன்னாக. உனக்குச் சொல்லலையா?"

மொக்கம்மாள் வேலைக்குத் திரும்பினாள். மறுவாரம் கணவன் வீரணனைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "என்ன வேலை பாக்குறீங்க?"

"வேலையப் பெறகு சொல்றேன் தாயி. மொதல்ல கழுத்தப் பாருங்க."

டாக்டரம்மா எழுந்து வந்து, பின்னால் நின்று இரண்டு கையாலும் தடவி, எச்சிலை விழுங்கச் சொன்னார். முகம் மாறியது. "இவ்வளவு நாள் ஏன் வரல?"

"வராம இல்ல. யாரும் பாக்கல."

எக்ஸ்ரேயில் மூச்சுக்குழல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் நாள்பட்ட கட்டி குரல் நரம்போடு ஒட்டிக்கிடந்ததால், குரல் கரகரத்துப் போயிற்று. முன்னமே யாராவது பார்த்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார்.

"உசுரு பொழச்சதே பெருசு" என்றான் வீரணன்.

"பெருசுதான். கொரலும் என்னோடதுதானய்யா" என்றாள் அவள். அன்று மல்லாந்து படுத்துத் தூங்கினாள்.

கொட்டகைக்குத் திரும்பியதும் கூட வேலை பார்த்த பெண்களின் கழுத்தையெல்லாம் தடவிப் பார்த்தாள். அவர்களில் சுப்புத்தாய்க்குச் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. பயந்து மறுத்தவளைக் கையைப் பிடித்து மதுரைக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா முன்னால் உட்காரவைத்து, "கழுத்தப் பாக்கணும்னு நீயே சொல்லு ஆத்தா" என்று ஒதுங்கி நின்றாள்.

சுப்புத்தாய் குணமாகித் திரும்பும்போது பஸ்ஸில் உசிலம்பட்டி தாண்டியும் கரகரக்காத குரலில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். சன்னலோரம் உட்கார்ந்து மொக்கம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.