கழுத்தில் சிவப்பில்லாத குருவி

எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது. கொப்பித் தாளில் கிழித்தது. அதில் ஒரு தொலைபேசி எண், கீழே “ஏதும் ஞாபகம் வந்தால் கோல் எடுங்கோ” என்று ஒரு வரி. எனக்குப் புதிதாக ஞாபகம் வர ஒன்றுமே இல்லை, எல்லாம் அன்றைக்கே தெரியும். ஆனாலும் அதைக் காணும்போதெல்லாம் அத்தானின் முகம் வந்து நிற்கும்.

அத்தான் என் அக்காவின் கணவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட என்னைப் பருத்தித்துறையில் தன் படகில் ஏற்றிக்கொண்டவர். “உனக்கு எஞ்சின் சத்தம் மாறினாலும் பயம், மாறாட்டிலும் பயம்” என்று சிரிப்பார். எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த மீன்பாடான இடமொன்று கடலில் இருந்தது. ஒரு கோயில் கோபுரமும் வெளிச்சவீடும் ஒரே கோட்டில் வருமிடம். எவன் கேட்டாலும் வேறு திசையைக் கைகாட்டுவதுதான் கரையில் வழக்கம். கேட்கிறவனும் தொழிலாளி, அது பொய்யென்று அவனுக்கும் தெரியும், கோபிக்கமாட்டான்.

ஒரு தை மாதக் காலையில் அங்கே வலையை இழுத்துக்கொண்டிருந்தோம். குருவியளவில் சாம்பலும் வெள்ளையுமான ஒன்று வலையில் கால் சிக்கித் தத்தளித்தது. ஊசி போன்ற கறுத்தச் சொண்டு. கண்ணுக்குப் பின்னால் மை இழுத்துவிட்டதுபோல ஒரு கோடு. காலில் இலக்கம் பொறித்த ஒரு வளையம்.

“விடுங்கோ அத்தான். உதுக்குள்ளை கமரா இருக்கும். எங்கடை இடத்தைப் பாக்கத்தான் அனுப்பியிருக்கிறாங்கள்.”

“ஓமோம், உன்ரை வடிவான மூஞ்சையைப் படம் பிடிக்கத்தான் வந்திருக்கு” என்றவர், வளையத்தைத் தன் போனில் படமெடுத்துவிட்டுக் குருவியை மெதுவாகத் தண்ணீரில் விட்டார். அது பறக்கவில்லை. சுழற்றிவிட்ட போத்தல் மூடி போல ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி, நீரைக் கொத்திக்கொண்டே போனது. கரைக்கு வந்ததும் அத்தான் படத்தை யாருக்கோ அனுப்பினார். யாருக்கு, ஏன் என்று நான் கேட்கவில்லை. மூன்று நாளாக அவரையே சந்தேகத்தோடு கவனித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். பறவைகளைப் பற்றிப் படிப்பவராம், அத்தான் அனுப்பிய வளையத்தின் படம் கைமாறித் தன்னிடம் வந்ததாம். எங்கே கண்டீர்கள், எத்தனை மணி, கரையிலிருந்து எவ்வளவு தூரம், யார் யார் படகில் இருந்தது என்று கேட்டுக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். சண்டைக் காலத்தில் இதே கேள்விகளைக் கேட்டவர்கள் பறவை பார்க்க வந்தவர்கள் அல்ல. வந்தவர், இது கழுத்துச் சிவந்த ஒருவகை உள்ளான், வடதுருவத்துக்குக் கிட்டக் குஞ்சு பொரித்துவிட்டு மற்ற மாதமெல்லாம் கடலிலேயே மிதந்து வாழும் என்றார். எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. நாங்கள் கண்ட குருவியின் கழுத்தில் சிவப்பு மருந்துக்கும் இல்லை.

“கடலிலை இல்லை, தொண்டைமானாற்றுக் களப்புக்கை கண்டது” என்றேன். களப்பு கடலல்ல, கரைக்கு உள்ளே கிடக்கும் உப்புநீர் ஏரி.

அவர் எழுதாமல் நிமிர்ந்து அத்தானைப் பார்த்தார். “களப்புக்கையோ, ஐயா?”

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு, “ஓம், களப்புக்கைதான்” என்றார்.

வந்தவர் எழுதினார். தன் எண்ணை வேறொரு தாளில் எழுதி, அந்தக் காகிதத்தைக் கிழித்து என்னிடம் தந்துவிட்டுப் போனார். மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கியதும் அத்தான் என் பக்கம் திரும்பினார். “எங்கடை ஆளெண்டால் பொய்யெண்டு விளங்கியிருப்பான். உவனுக்கு எங்கடை வழக்கம் தெரியாதடா. நம்பி எழுதிக்கொண்டு போறான். என்னையும் பொய்க்காரனாக்கிப் போட்டாய்.” அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அது எனக்கு ஏச்சைவிடக் கஷ்டமாக இருந்தது.

இப்போது அத்தானும் அக்காவும் நோர்வேயின் வடகோடியில், மகளோடு. அங்கே மருமகன் மீன் தொழிற்சாலையில் வேலை. இந்த ஆனி மாதம் ஒருநாள் காலை எட்டு மணிக்கு அத்தான் வீடியோவில் வந்தார். “இஞ்சை விடிய நாலரை. வெயிலைப் பார். இரவெண்டதே இல்லை” என்று போனைத் திருப்பினார். வீட்டுக்குப் பின்னால் புல்லுக்குள் ஒரு சின்னக் குளம். அதில் மூன்று குருவிகள் போத்தல் மூடிகளாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கழுத்து, செங்கல்லை உரசிப் பூசியதுபோலச் சிவந்திருந்தது.

“அதில்லை அத்தான், நிறம் வேறை.”

“அதுதான். இஞ்சை வந்தால்தான் சிவக்குமாம். அங்கை வரேக்கை உடுப்பு மாத்திக்கொண்டு வருதாம். கொப்பியோடை வந்த பெடியன் சொன்னது சரியடா.” பிறகு, “நம்பர் இருக்கோ?” என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. ஆனால் அந்த எண்ணுக்கு அழைக்க எனக்கு எட்டு நாள் பிடித்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு சொன்னால் ஏன் மறைத்தாய் என்று கேட்பாரோ, அந்த எண்ணில் இப்போது வேறு யாராவது இருப்பார்களோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் நேற்று அந்தக் காகிதத்தை எடுத்து எண்ணை அழுத்தினேன். அவரேதான் எடுத்தார். கடலில் கண்டது என்றேன். கோபுரத்தையும் வெளிச்சவீட்டையும் சொன்னேன். எந்தக் கோயில் என்பதை அவருக்குச் சொன்னேன், இங்கே எழுதமாட்டேன்.

“பொறுங்கோ அண்ணை, கொப்பியை எடுக்கிறன்” என்றார். தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு பேனையால் அழுத்தி ஒரு கீறல். அத்தான் எனக்காகச் சொன்ன பொய்யை அவர் வெட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு, காகிதத்தைப் பிள்ளையாருக்குப் பின்னால் திரும்ப வைத்தேன்.