மச்சத்தைக் காட்டிய முருகன்

முருகனை நம்புகிற எல்லோருக்கும் புதுப்பட்டினத்திலிருந்து ஒரு பக்தன் எழுதுவது. எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். நடந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது.

அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதி எழுதியே முப்பது வயது தாண்டிவிட்டேன். பிழைப்புக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். ஆன்லைனில் மற்றவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என் வேலை. அப்படிப் போட்டுக் கொடுத்தவர்கள் வேலை வாங்கி, கல்யாணம் செய்து, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க என்னிடமே வந்தார்கள். ராசியான கை என்று ஊரில் பெயர். எனக்கு மட்டும் பலிக்கவில்லை.

கடைசியாக இளநிலை உதவியாளர் பரீட்சை ஒன்று வந்தது. வயது வரம்புப்படி அதற்கு மேல் எனக்கு வாய்ப்பே கிடையாது. ஆடி மாதம் எழுதினேன். நன்றாகவே எழுதினேன். ஐப்பசியில் ரிசல்ட் என்றார்கள். பிறகு தை என்றார்கள். பிறகு யாரோ கோர்ட்டில் கேஸ் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். தினமும் பல் தேய்க்கும் முன்பே போனில் அந்த வெப்சைட்டைத் திறந்து பார்ப்பேன். அப்பா ஒன்றும் கேட்க மாட்டார். சாப்பிட உட்கார்ந்தால் என் தட்டைப் பார்ப்பார், அவ்வளவுதான். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஒரு கிருத்திகை அன்று எங்கள் ஊர் முருகன் கோயிலில் நின்று ஆத்திரத்தில் வாயை விட்டேன். வேலைக்கான ஆர்டர் என் கைக்கு வரும்வரை முடியையும் தாடியையும் தொட மாட்டேன், வந்ததும் உனக்கு மொட்டை என்றேன். வேண்டுதல் மாதிரியே இல்லை, மிரட்டல் மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற அம்மா அதைக் கேட்டுவிட்டார். சாமியிடம் சொன்ன வார்த்தை மாறினால் வீட்டுப் படி ஏறாதே என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

ஒன்றரை வருஷம் ஓடியது. தாடி நெஞ்சைத் தொட்டது. காதல் தோல்வி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதற்கும் ஒரு பெண் வேண்டாமா? மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு குடும்பம் என்னை நிறுத்திக் காலில் விழுந்தது. குழந்தைக்குத் திருநீறு பூசச் சொன்னார்கள். திருநீறும் அவர்களே வைத்திருந்ததால் தப்பிக்க வழியில்லை, பூசிவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் ரிசல்ட் வந்தது. என் நம்பர் இருந்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்குச் செங்கல்பட்டுக்கு வரச் சொன்னார்கள். ஹால் டிக்கெட் போட்டோவில் இருக்கிற மாதிரியே போங்கள் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன் நான். என் மரமண்டைக்கு மட்டும் அது உறைக்கவில்லை.

அங்கே சான்றிதழ் சரிபார்த்த அதிகாரி அம்மா ஹால் டிக்கெட் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். படத்தில் பவுடர் போட்ட மழுமழு முகம். ஆதாரை நீட்டினேன். அதிலிருந்த முகம் என்னைப் போலவும் இல்லை, வேறு யாரைப் போலவும் இல்லை. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் இரண்டு எழுதியிருந்தது. முழங்கைத் தழும்பு எப்போதோ மறைந்துவிட்டது. மற்றது இடது தாடையில் மச்சம்.

"மச்சத்தைக் காட்டுங்க. ஒரு மணிக்குள்ள காட்டலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த முகத்தை நானே நம்பியிருக்க மாட்டேன்.

எதிரே ஒரு சலூன் இருந்தது. ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். தாடியை எடுத்தால் முருகனிடம் பொய் சொன்னவன் ஆவேன். எடுக்காவிட்டால் இத்தனை வருஷமும் வீண். கண்ணை மூடினேன். முதல் தடவையாக எந்த நிபந்தனையும் போடாமல் கேட்டேன். முருகா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நீ பார்த்துக்கொள். கண்ணீர் வழிந்து தாடிக்குள்ளேயே போய்விட்டது.

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வேண்டுதல் தாடியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ நான் கை வைக்க மாட்டேன் அண்ணாத்த. அது சாமி முடி" என்றார். விஷயம் முழுவதையும் சொன்னேன். அவர் குனிந்து என் இடது தாடையைப் பார்த்தார்.

"அந்தம்மா மச்சத்தத்தான கேட்டாங்க? தாடிய எடுக்கச் சொன்னாங்களா இன்னா?"

சொல்லவில்லை. நானாகத்தான் முடிவு கட்டிக்கொண்டு ஓடி வந்திருந்தேன். அவர் தண்ணீர் தெளித்து, சீப்பை எடுத்து, என் தாடியில் நேராக ஒரு வகிடு எடுத்தார். நடுவில் மச்சம் தெரிந்தது. இரண்டு பக்கமும் ரோஸ் கலர் கிளிப்பை மாட்டி முடியை ஒதுக்கிப் பிடித்தார். அந்தக் கோலத்தில் ரோட்டைக் கடந்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்தேன்.

காலையிலிருந்து சிரிக்காத அந்த அம்மா, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கிட்டே வந்து மச்சத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எந்தக் கோயில் என்று கேட்டார், சொன்னேன். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"என் பையனும் மூணு வருஷமா எழுதிட்டு உக்காந்திருக்கான் தம்பி. கோயிலுக்குப் போனா அவனுக்காகவும் ஒரு வார்த்த சொல்லுங்க."

பங்குனியில் ஆர்டர் வந்தது. மறுநாளே தாடியையும் எடுத்து மொட்டை போட்டேன். வேலையில் சேர்ந்த இடத்திலும் படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கேட்பதற்கு முன்பே தாடையைத் திருப்பிக் காட்டினேன்.

முருகன் எனக்காக மயிலில் வரவில்லை, சீப்போடு வந்தார். இப்போதெல்லாம் நான் அவரிடம் பேரம் பேசுவதில்லை. கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். மனசு லேசாக இருக்கிறது. ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறவர்களே, நம்பிக் கேளுங்கள், அவர் கைவிட மாட்டார். நான் ஒவ்வொரு கிருத்திகைக்கும் அந்த அம்மாவின் பையனுக்காக ஒரு விளக்கு ஏற்றுகிறேன். நீங்களும் கோயிலுக்குப் போனால் அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் பெயரைக் கேட்டு வைக்க மறந்துவிட்டேன். முருகனுக்குத் தெரியும்.