நாய் கிடைக்கவில்லை என்று ஒரு புகார்

ஓட்டல் தொழிலில் கேப்டன் என்றால் கப்பல் ஓட்டுகிறவன் இல்லை. சப்ளையர்களை மேய்க்கிறவன், மாஸ்டரிடம் கெஞ்சுகிறவன், வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குகிறவன். மாயவரம், கும்பகோணம், நாகப்பட்டினம் என்று சைவ ஓட்டல்களில் அந்த வேலையைத்தான் வாழ்நாள் முழுக்கப் பார்த்தேன். போதுமடா சாமி என்று காரைக்கால் பக்கத்தில் சொந்த ஊரான போலகத்துக்கு வந்து வீட்டோடு இருந்தேன். என் மனைவியால் தாங்க முடியவில்லை. "டம்ளர எங்க வைக்கணும், தட்ட எப்புடி எடுக்கணும்னு எனக்கே கிளாஸ் எடுக்கிறீங்க. எங்கயாவது வேலைக்குப் போய்த் தொலைங்க" என்றாள். அந்த நேரம் பார்த்துத்தான் காரைக்கால் கடற்கரைச் சாலையில் புதிதாக ஒரு காபி ஷாப்புக்கு ஆள் தேடினார்கள். போனேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைய தலைமுறை படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள்.

முதல் நாள்

முதலாளியை ஊரே முசியே என்றுதான் கூப்பிடும், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பிரான்சில் பட்டாளத்தில் இருந்து, பென்ஷனோடு சொந்த ஊருக்குத் திரும்பியவர். மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

நான் போனபோது ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் ஒரு கறுப்பு நாய். தரையில் இல்லை, நாற்காலியில். முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இன்டர்வியூ எடுக்கப் போவதே தான்தான் என்கிற தோரணையில் என்னைப் பார்த்தது.

"உக்காருங்க அன்பழகன்" என்றார் முசியே. மீதி இருந்த நாற்காலி நாய்க்குப் பக்கத்தில்.

எனக்கு நாய் என்றால் ஆகாது. கெண்டைக்காலில் தழும்பு இருக்கிறது, காட்டச் சொன்னால் காட்டுவேன். "நிக்கிறேங்க. நமக்கு நின்னுதான் பழக்கம்" என்றேன்.

"இவன் பேரு பிஜூ. நம்ம தலத்தெருல பொறந்தவன்தான். குட்டியா சாக்கடைல கெடந்தான், தூக்கிட்டு வந்தேன். நீங்க தமிழ்ல எதுவும் சொல்லாதீங்க, அவனுக்குப் புரியாது."

தலத்தெரு நாய்க்குத் தமிழ் தெரியாதா என்று விழித்தேன். அவர் நாயிடம் திரும்பி மெதுவாகப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அது உடனே காதை மடக்கிக்கொண்டு வாலை ஆட்டியது.

"வீட்டுல பிரெஞ்சு பேச அவ இருந்தா. இப்ப இவன்தான் இருக்கான்" என்றார்.

அதற்குப் பிறகு கடை திறக்கும் காரணத்தைச் சொன்னார். வெளியே போய், ஒரு மேஜையில், எதிரில் ஒரு ஜீவன் உட்கார்ந்திருக்க, நிதானமாக ஒரு காபி குடிக்க வேண்டும். பிரான்சில் இருந்தவரை தினமும் அப்படித்தானாம். இங்கே ஊரில் ஒரு கடை பாக்கியில்லாமல் ஏறி இறங்கிவிட்டார். எல்லாரும் நாயை வெளியே கட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள். "கட்டிட்டுப் போயி யாரு மூஞ்சியப் பாத்துக் குடிக்கிறது? அதான் நானே கடை போட்டுட்டேன்."

"அப்ப வியாபாரம்?"

"அது உங்க பாடு."

ஒரு காபி குடிப்பதற்காக ஒரு கடையையே கட்டிய ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. வேலையை ஒப்புக்கொண்டேன்.

போர்டு

நிபந்தனை போட்டுத்தான் ஒப்புக்கொண்டேன். நாய்க்குத் தனித் தட்டு, அதைக் கழுவத் தனி இடம், தனித் துணி. கிச்சன் பக்கம் மூக்கை நீட்டக் கூடாது. அது எழுந்து போனதும் நாற்காலியையும் மேஜையையும் மருந்து போட்டுத் துடைக்க வேண்டும். முசியே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிஜூவுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னார். அதுவும் ஆட்சேபிக்கவில்லை.

வாசலில் "நாய்களுக்கு அனுமதி உண்டு" என்று போர்டு மாட்டினோம். அவ்வளவுதான், ஊரே நியாயம் கேட்க வந்துவிட்டது. காபி குடிக்க வந்தவர்களைவிட என்னோடு சண்டை போட வந்தவர்கள் அதிகம். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் தினமும் வருவார்.

"இன்னைக்கு நாய விடுறீங்க. நாளைக்கு நான் மாட்ட ஓட்டிட்டு வந்தா?"

"நாற்காலில உக்காருமான்னு பாத்துட்டு ஓட்டிட்டு வாங்க சார்."

"சாப்புடுற எடம்யா இது! சுத்தம் வேணாமா?"

சுத்தத்தைப் பற்றி என்னிடமா பேசுவது? சட்னி வாளிக்குள் கையை விட்டு எடுத்தவரைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்ட இலைக்குப் பக்கத்திலேயே பல் குத்தித் துப்பியவரைப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு மேஜை மேலேயே டயப்பர் மாற்றிவிட்டு, அதே மேஜைக்கு ரவா தோசை ஆர்டர் கொடுத்த குடும்பத்துக்கு நானே தோசை கொண்டுபோய் வைத்திருக்கிறேன். இவர்களை எந்தப் போர்டும் தடுத்ததில்லை. பிஜூ வந்தால் உட்காரும், பட்டர் பன் சாப்பிடும், வாயைத் துடைத்துவிட்டால் இறங்கிப் போகும். நாய் எனக்கு ஆகாது, ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

எங்கள் சப்ளையர் மலர்க்கொடி கிளிஞ்சல்மேடு மீனவக் குப்பத்துப் பெண். அவளுக்கு இந்தப் பஞ்சாயத்தே புரியவில்லை. "எங்க ஊருல நாயி போட்டுல ஏறி மீன் பிடிக்கவே போவுதுண்ணே. காப்பிக் கடைக்குள்ள வர்றதுக்கா இம்மாம் பெரிய ரூலு?" என்பாள்.

போர்டைப் பார்த்து வேறு எந்த நாயும் வரவில்லை. தெருநாய்கள் மட்டும் கூட்டமாகக் கண்ணாடிக்கு வெளியே நின்று, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிஜூவைப் பார்த்துக் குரைத்துத் தீர்த்தன. பிஜூ திரும்பிக்கூடப் பார்க்காது. குரைத்தது தமிழில்தானே.

எப்படியோ முசியேவுக்கு அவருடைய காபி கிடைத்தது. காலையில் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தால், அவர் என்னென்னவோ பேசுவார், அது கேட்டுக்கொண்டிருக்கும். சில நாள் சிரிப்பார். அதைப் பார்த்தால் எனக்கே மனசு நிறைந்துவிடும்.

சனிக்கிழமை

வினை திருநள்ளாற்றிலிருந்து வந்தது. சனிக்கிழமை குளத்தில் முழுகி, சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே பீச்சையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கார் கட்டிக்கொண்டு வரும் கூட்டம் எப்போதும் உண்டு. அப்படி ஒரு சேலத்துக் குடும்பம் எங்கள் கடைக்குள் நுழைந்தது. அந்த அம்மா பிஜூவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, இது முழுக் கறுப்பா? எங்கயும் வெள்ளை இல்லீங்களே?"

"இல்லீங்கம்மா."

"கறுப்பு நாய்க்கு எங்கையால சோறு வைக்கோணும்னு ஜோசியர் சொல்லியிருக்காருங்க. விடிஞ்சதுல இருந்து தேடறோம், ஊரு பூரா செவலையாவே திரியுது. எங்க பையனுக்கு ஏழரை நடக்குதுங்க."

முசியே இளகின மனசுக்காரர். சரி என்று தலையாட்டிவிட்டார். அந்த அம்மா பன்னைப் பிட்டு நீட்ட, முசியே பிரெஞ்சில் "சாப்பிடு" என்றார். நாய் சாப்பிட்டது. அம்மா அழுதுவிட்டார். போகும்போது, "அந்தப் பெரியவர் என்னமோ மந்திரம் சொல்றாருங்க, அப்பறந்தான் சாப்புடுது" என்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டே போனார்.

அடுத்த சனிக்கிழமை வேன் வந்தது. அதற்கடுத்த வாரம் பஸ் வந்தது. கடைக்குள் நாய் இருக்கலாமா என்று எங்கள் ஊரில் நடந்துகொண்டிருந்த விவாதம் அன்றோடு முடிந்தது. நாய் இருந்த மேஜை தவிர வேறு மேஜையில் உட்கார ஆளில்லை. நான் டோக்கன் போட்டேன். வேறென்ன செய்ய? முன்னே பின்னே தள்ளிக்கொண்டு காபி மெஷின்மேல் விழுந்தார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு வருவேன் என்ற வாத்தியாரும் தம்பிக்கு அஷ்டமத்துச் சனி என்று முதல் டோக்கன் கேட்டார். கொடுத்தேன்.

வந்தவர்கள் சனிக்காகக் கொண்டுவந்த எள்ளுச் சாதம் பிஜூவுக்குப் பிடிக்காது. பட்டர் பன் தின்று வளர்ந்த நாக்கு. ஒருநாள் ஒரு ஆள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், எனக்கு முன்னாடி வந்தவரு வச்சதத் தின்னுச்சு. என்னோடத மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அப்ப என் தோஷம் போவாதா? பதில் சொல்லுய்யா!"

சாம்பாரில் உப்பில்லை என்றால் பதில் சொல்லத் தெரியும். சனி பகவான் சார்பில் என்ன சொல்வது? "அதுக்கு வயிறு சரியில்லைங்க, உங்க கணக்குல ஏறிடுச்சு, போயிட்டு வாங்க" என்று ஏதோ சொல்லி அனுப்பிவைத்தேன். மலர்க்கொடி உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள்.

வயிறு சரியில்லை என்பது பொய் இல்லை. ஆள் ஆளுக்கு ஊட்டினால் என்ன ஆகும்? அடுத்த சனிக்கிழமை பிஜூவை முசியே வீட்டிலேயே படுக்க வைத்துவிட்டார். நான் வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டுக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன்.

புகார்

இரண்டொரு நாளில் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். லைசென்ஸ் போச்சு, முசியேவின் மேஜை போச்சு என்று நினைத்துக்கொண்டே தட்டு கழுவும் இடம், துணி, மருந்து பாட்டில் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் காட்டினேன். அவர் எதையும் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"கேப்டன், உங்க கடை மேல புகார் வந்திருக்கு."

"நாய் கிச்சன் பக்கமே வராதுங்க..."

"இருங்க. ஓட்டல்ல நாய் இருக்குன்னு புகார் வந்தா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். ஓட்டல்ல நாய் இல்லன்னு புகார் வந்திருக்கு. போர்ட்ல நாய்னு போட்டுட்டு, தூரத்துலேர்ந்து வந்தவங்கள நாய் காட்டாம ஏமாத்திட்டீங்களாம். நான் எந்தச் சட்டத்துல நடவடிக்கை எடுக்கறது, நீங்களே சொல்லுங்க."

தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தேன். குடித்து முடித்தார். கடைசியில், "சனிக்கிழமைகளில் நாயை முறையாகப் பராமரிக்கவும்" என்று வாயால் அறிவுரை சொல்லிவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நாய் எப்ப வரும்? என் வொய்ஃப் கேக்கச் சொன்னாங்க."

வரிசை

பிஜூ தேறி வந்தது. அந்தச் சனிக்கிழமை கூட்டம் கதவுக்கு வெளியே சாலைவரை நின்றது. முசியே வழக்கம்போல் காலையில் கிளம்பி வந்தார். நாய் எப்படியோ கால்களுக்கிடையில் புகுந்து தன் நாற்காலியில் ஏறிவிட்டது. எதிர் நாற்காலியில் யாரோ ஒரு அம்மா தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார். முசியே காபி டம்ளரை வைக்க இடமில்லாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். அப்போது பின்னாலிருந்து ஒருவர் அவர் தோளைத் தட்டினார்.

"பெரியவரே, நாங்கல்லாம் மனுசங்களாத் தெரியலயா? வரிசைல வாங்க."

நான் பாய்ந்து போய், "யாரைப் பாத்து என்ன பேசுறீங்க, இவருதான்யா..." என்று ஆரம்பித்தேன். முசியே என் கையைப் பிடித்துத் தடுத்தார். பிஜூவைப் பார்த்தார். அது நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டு, நாலாபக்கமும் நீளும் கைகளுக்கு நடுவே அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நாய் நாற்காலியை விட்டுக் குதித்தது. இரண்டு பேரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போய்விட்டார்கள். இதற்குத்தானா இந்த மனுஷன் கடை கட்டினார் என்று இருந்தது. டோக்கன் கட்டையெல்லாம் குப்பையில் போட்டேன்.

மறுநாள் காலையில் கூப்பிட்டார். "அன்பு, போர்ட மாத்திடுங்க. நாய்களுக்கு அனுமதி இல்லைன்னு போடுங்க."

"முசியே, இந்தக் கடையே பிஜூவுக்காகத்தானே?"

"அதனாலதான் சொல்றேன்."

மாற்றினேன். பஸ்கள் கொஞ்ச நாள் வந்து பார்த்துவிட்டு நின்றுபோயின. போர்டைப் பார்த்துவிட்டு, சுத்தமான இடம் என்று உள்ளூர்க் குடும்பங்கள் வர ஆரம்பித்தன. வியாபாரம் நன்றாகவே நடக்கிறது.

எங்களுக்கு நேர் எதிரே ஒரு டீக்கடை. கதவு கிடையாது, சுவரும் கிடையாது. நாலு கம்பு, மேலே தகரம், முன்னால் இரண்டு பெஞ்சு. முசியே பிஜூவோடு அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். ஒரு பெஞ்சில் அவர், எதிர் பெஞ்சில் பிஜூ. டீக்கடைக்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கிருந்து எங்கே அனுமதிப்பது? அங்கேதான் உள்ளே என்று ஒரு இடமே இல்லையே. கடை போடுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன்: நாயை விடலாமா கூடாதா என்று ஊரைக் கூட்டிக் கேட்காதீர்கள். கூடாது என்பவர்களைச் சமாளித்துவிடலாம், வேண்டும் என்று கிளம்பி வருகிறவர்களிடமிருந்து நாயைக் காப்பாற்ற முடியாது.

போன வாரம் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு வெளியூர்க்காரர் ஜன்னல் வழியே கையைக் காட்டினார். "அதோ அந்தப் பெரியவருதான் இந்தக் கடை ஓனராமே? ஓனரே எதிர்க்கடையில டீ குடிக்கிறாரு. உங்க காபி அவ்வளவு மோசமா?"

"காபி நல்லாத்தாங்க இருக்கும்" என்றேன். "எங்க கடையில நாய விடமாட்டோம், அதான் அவரு வர்றதில்ல."