பூட்டுப் போட முடிந்த டெலிபோன்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, வீட்டுக்கு டெலிபோன் தேர்ந்தெடுக்க நாங்கள் நான்கு பேரும் கிளம்பினோம். பஸ் டிரைவரான அப்பா, அம்மா, அண்ணன், நான். அதுவரை புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் இருந்த காசு போடும் போன்தான் எங்களுக்குப் போன். விண்ணப்பம் அப்பாவின் பெயரில் இருந்தது. ஆனால் எது வேண்டும் என்று சொல்லப்போவது அண்ணன்தான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

தொலைபேசி அலுவலகத்தில் மாதிரிகளை ஒரு நீள மேசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். கறுப்பு, பச்சை, சிவப்பு, வெண்ணெய் நிறம். பாதி, விரலை விட்டுச் சுற்றும் பழைய வகை. மீதி, அப்போதுதான் புதிதாக வந்திருந்த பொத்தான் அமுக்கும் வகை. நான் வெண்ணெய் நிறப் பொத்தான் போனை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். வீட்டுக்கு இதுதான் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். அம்மா சிவப்புப் போனை ஒரு விரலால் தொட்டுவிட்டு, யாரோ திட்டப்போகிற மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.

எது வேண்டும் என்று கவுண்டரில் இருந்த சீனப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். அப்பா அண்ணனைப் பார்த்தார். சுற்றுகிற கறுப்புப் போன் போதும் என்றான் அண்ணன். பொத்தான் என்றால் சீக்கிரம் அடிக்கலாமே என்றேன்.

"உனக்கு அப்படி என்ன அவசரம்?" என்று அவளுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்திலேயே கேட்டான். அவள் சிரித்தாள். எனக்கு இருபத்திரண்டு வயது. ரேடியோ பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான்கு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அங்கிருந்து சிராங்கூன் ரோட்டுக்குப் போனோம். நாங்கள் மூவரும் மளிகைச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் ஒரு சந்துக்குள் போய், கையில் சின்னக் காகிதப் பொட்டலத்தோடு வந்தான். என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றான்.

அடுத்த வாரம் போன் பொருத்த வந்த ஆள் வேலையை முடித்துக் கதவைத் தாண்டியதும் பொட்டலம் பிரிந்தது. உள்ளே கட்டை விரல் அளவில் ஒரு பூட்டு. சுற்றுகிற போனின் முதல் ஓட்டைக்குள் அதைச் செருகித் திருகினால் வட்டு அசையாது. வருகிற போனை எடுத்துப் பேசலாம். இங்கிருந்து யாரையும் கூப்பிட முடியாது. இரண்டு சாவிகளையும் அவன் தன் சாவி வளையத்தில் கோர்த்துக்கொண்டான். பொத்தான் போன் ஏன் வேண்டாம் என்றான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதில் இந்தப் பூட்டுப் போட முடியாது.

"எதுக்குண்ணே பூட்டு?"

"வயசுப் பொண்ணு இருக்கிற வீடுலா. பேசணும்னா சொல்லு, தொறந்து விடறேன்."

அப்பா பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

காசுக்காகப் பூட்டினான் என்றால்கூட மன்னித்திருப்பேன். அந்தக் காலத்தில் உள்ளூருக்குள் எவ்வளவு பேசினாலும் மாத வாடகை ஒன்றுதான். நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கூட வேலை செய்த தோழிக்கு உடம்பு சரியில்லை என்று ஒரே ஒரு முறை கேட்டேன். திறந்துவிட்டு, நான் பேசி முடிக்கும்வரை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். அதன் பிறகு நான் கேட்கவே இல்லை. பழையபடி காப்பிக்கடைப் போனுக்கே போனேன். என்னைக் கூப்பிட்ட தோழிகளிடம் யார், என்ன விஷயம் என்று அவன் விசாரித்ததில் அவர்களும் கூப்பிடுவதை விட்டார்கள். இப்படி இரண்டு வருடம் போனது.

அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு. ஒரு நாள் மதிய ஷிஃப்டுக்கு நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது சமையலறையில் பாத்திரம் விழுந்தது. போய்ப் பார்த்தால், அம்மா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தோள் ஏறி ஏறி இறங்குகிறது, மூச்சு உள்ளே போகவில்லை. மருந்தை வாயில் அடித்தேன். கேட்கவில்லை. உதடு கறுத்துக்கொண்டே வந்தது.

போனுக்கு ஓடினேன். பூட்டு. சாவி துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில், அண்ணனின் பாக்கெட்டில். வட்டைப் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் திருப்பினேன். கத்தி முனையைக் கொடுத்து நெம்பினேன். கத்தி வழுக்கி உள்ளங்கையைக் கிழித்தது. ரிசீவர் வைக்கும் இடத்தைத் தட்டித் தட்டியே எண்ணை வரவழைக்கலாம் என்று ரொம்ப நாள் கழித்து ஒருத்தி சொன்னாள். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது. இரண்டு மாடி படியில் இறங்கி ஓடி, வீட்டில் போன் வைத்திருந்த, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் மலாய்க்கார அம்மாவின் கதவை இடித்தேன். என் கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்து எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார். விஷயம் புரிந்ததும் அவரே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். என்னோடு மேலே ஏறி வந்து, ஆட்கள் வரும்வரை அம்மாவை நிமிர்த்திப் பிடித்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

அப்பாவின் டிப்போவுக்கும் மக்சிக்தான் தகவல் சொல்லியிருந்தார். அண்ணன் வேலை முடிந்து வீட்டுக்குப் போய், அங்கே விஷயம் தெரிந்து, எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு வார்டுக்கு ஓடி வந்தான். வந்ததும் கேட்டது இதுதான்.

"ஏன் யாருமே எனக்குப் போன் பண்ணல?"

கத்தப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். குரல் மெதுவாகத்தான் வந்தது.

"எதுலண்ணே பண்றது? சாவி உன் பாக்கெட்லதானே இருக்கு."

"பக்கத்து வீட்ல போய்ப் பண்ண வேண்டியதுதானே."

"பண்ணினேன். அதனாலதான் அம்மா உயிரோட இருக்காங்க."

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார்.

மறுநாள் காத்தோங்கிலிருந்து அம்மாவின் அக்கா வந்தார். கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என் மேல என்னடி கோவம்? தீபாவளிக்குப் பார்த்தா சிரிக்கிற. ஒரு போன் பண்ண மாட்டேங்கிற. நான் பண்ணினா, அம்மா வேலையா இருக்காங்கன்னு உன் பையன் வச்சிடறான்."

பெண்கள் இரண்டு பேர் பேசத் தொடங்கினால் லைன் ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்காது, வேலையிடத்திலிருந்து தனக்குக் கூப்பிடுவார்கள் என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருந்தானாம். அம்மா ஒரு நாள்கூடச் சாவி கேட்கவில்லை. அந்தப் பூட்டு எனக்கு மட்டும் என்றுதான் இரண்டு வருடமாக நான் நினைத்திருந்தேன். என் கோபத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், அதே வீட்டில் அம்மாவும் பூட்டப்பட்டிருந்தது என் கண்ணில் படவில்லை.

அம்மா ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு, "அவன் நல்லதுக்குத்தான் பண்றான்கா" என்றார்.

வார்டை விட்டு வெளியே வந்துவிட்டேன். அங்கேயே நின்றிருந்தால் நோயாளி என்றும் பாராமல் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுத் தனியாக அந்த அலுவலகத்துக்குப் போனேன். போனை மாற்ற வேண்டும், பொத்தான் வகை வேண்டும் என்றேன். யார் பெயரில் லைன் இருக்கிறதோ அவர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில் வைத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

"உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

"போன் உங்க பேர்ல இருக்குப்பா."

கையெழுத்துப் போட்டார். நான் நன்றி சொல்லவில்லை. கையெழுத்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்தை இரண்டு வருடமாக அவர் ஏன் எங்களுக்குத் தரவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணன் மேல் இருந்த கோபம் எப்படியோ பழகிப்போய்விட்டது. அப்பா மேல் இருப்பது இன்னும் அப்படியே இருக்கிறது.

அண்ணன் கெட்டவன் இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் துவாஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, அம்மாவுக்குச் சோறு ஊட்டிவிட்டுத்தான் போனான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் கூடியது. நிம்மதியாக வெறுக்கக்கூட அவன் விடவில்லை. புதுப் போனைப் பார்த்த அன்று, "எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க" என்றான். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு பல மாதம் எங்களுக்குள் பேச்சில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வரவே இல்லை.

அம்மா வீட்டுக்கு வந்த முதல் நாள் போன் பக்கமே போகவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம், அக்கா வீட்டு எண்ணை எழுதிய துண்டுக் காகிதத்தை எடுத்துவந்து, நீயே அமுக்கிக் கொடு என்றார். முடியாது, நீங்களே அமுக்குங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த அளவுக்கு அம்மா மேலும் கோபம் இருந்தது. முதல் முறை தப்பாக அமுக்கினார். யாரோ சீன ஆள் எடுக்க, பயந்து வைத்துவிட்டார். இரண்டாம் முறை சரியாகப் போனது.

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றி, நெத்திலி விற்கிற விலையைப் பற்றி, யாருடைய மகளுக்கோ கல்யாணம் கூடியதைப் பற்றிப் பேசினார். நான் அருகில் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் வேலையிலிருந்து வந்தான். ஒரு போன் பண்ண வேண்டும் என்று கையால் ஜாடை காட்டிவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

அம்மா அவனைப் பார்த்தார். ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, "ம், சொல்லுக்கா, அப்புறம்?" என்றார்.

அண்ணன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போனான்.